கிளட்ச் வழுக்குது, கூலன்ட் குறையுது: இந்த வண்டிக்கு என்ன விலை சொல்லலாம்?

முதல்விற்பனை:
பெட்ரோல் கார், 1.2 லிட்டர், 4 சிலிண்டர், மேனுவல் கியர். வயசு 11, ஓட்டம் 1,28,000 கி.மீ. பாடி சுத்தம், அடிபடலை. கோளாறு நாலு இருக்கு.

1. மேட்டில் 4ஆவது கியரில் மிதிச்சா ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலை.
2. கூலன்ட் வாரத்துக்குக் கால் லிட்டர் குறையுது. தரையில் சொட்டு எதுவும் இல்லை.
3. செக் எஞ்சின் விளக்கு எரியுது. ஸ்கேனரில் பி0302.
4. சின்னப் பள்ளத்தில் இறங்கினா முன் இடப்பக்கம் 'டொக்'.

பார்த்த மெக்கானிக் "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்" என்கிறார் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற சீல்). வாங்க வந்தவர் நல்ல வண்டி விலையில் பாதிதான் தருவாராம். சரி பண்ணி விற்கிறதா, அப்படியே தள்ளிடறதா? எவ்வளவு குறைச்சா நியாயம்?

ஸ்பேனர்14:
பாதி விலை வந்ததே 'ஹெட் கேஸ்கட்' என்ற வார்த்தையால்தான். அதை முதலில் முடிவு கட்டுங்க, விலையைப் பிறகு பேசலாம்.

பி0302 என்றால் 2ஆவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாகப் பற்றலை. கூலன்ட் அந்த சிலிண்டருக்குள் கசிந்தாலும் இதே கோட்தான் வரும். அதனால் மெக்கானிக் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் பிரிக்காமலே சோதிக்க வழி இருக்கு.

எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறி இருக்கணும். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் பொறித்திருக்கிற அளவு வரைக்கும் பம்ப் பண்ணுங்க. பல கார்களில் அது 0.9 முதல் 1.1 பார். அதைத் தாண்ட வேண்டாம். 20 நிமிஷம் விட்டு முள் இறங்குதா பாருங்க. இறங்கினால் டார்ச் எடுத்துக்கிட்டு வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டை, ஹீட்டர் ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேருமிடம் மூன்றையும் பாருங்க. மெல்லிய கசிவு சூட்டிலேயே காய்ந்துடும், தரைக்கு வராது. உப்புப் பூத்த மாதிரி கறை மட்டும் நிற்கும்.

வெளியே ஒன்றும் இல்லை என்றால் பிரஷரை அப்படியே வைத்து, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்க. எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு செல்ஃப் அடிங்க. 2ஆவது ஓட்டையிலிருந்து ஈரம் தெறித்தால் உள்கசிவு. கழற்றிய பிளக்கில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவினாற்போல வெளுத்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

கேஸ் டெஸ்ட் திரவமும் இருக்கு. ரேடியேட்டர் வாயில் வைத்து எஞ்சினை ஓட்டினால், எரிந்த வாயு கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிட்டுச் செய்யணும். திரவத்துக்குள் கூலன்ட் ஏறிவிட்டால் சோதனை வீண்.

மிஸ்ஃபயருக்கு 2ஆவது இக்னிஷன் காயிலையும் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது) 3ஆவது காயிலையும் இடம் மாற்றி, ஸ்கேனரில் அந்த எரர் கோட்-ஐ அழித்து ஓட்டுங்க. பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302வே நின்றால் பிளக்கை மாற்றிப் பாருங்க, அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன்.

ஆயில் மூடியில் வெண்ணெய் மாதிரி இருக்குன்னு யாராவது பயமுறுத்தினா உடனே நம்பாதீங்க. குறைந்த தூரமே ஓடுற வண்டியில் ஈரப்பதத்தாலும் அது வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தாற்போல இருந்தால்தான் கவலை.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பாதி விலை எப்படி வந்திருக்கும் என்று போட்டுப் பார்க்கிறேன். நல்ல நிலையில் உள்ள வண்டி 100 என்று வையுங்கள். ரிப்பேர் எண்கள் முறையைக் காட்டத்தான். உங்கள் எஸ்டிமேட்டை அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஹெட் கேஸ்கட் வேலை 14. ஹெட் வளைந்திருக்கிறதா என்பது பிரித்த பிறகே தெரியும், ஆகவே வாங்குபவர் இரட்டிப்பாக 28 கழிப்பார். கிளட்ச் 7, அதற்கும் ஒன்றரை மடங்கு போட்டால் 10.5. விளக்குக்கும் சத்தத்துக்கும் குத்துமதிப்பாக 5. ஆக 43.5 போய்விட்டது. மிச்சத்தில் தன் லாபத்தையும் எடுத்தால் 50தான். அவர் பார்வையில் அது அநியாயமில்லை.

சந்தேகத்தில் நிற்கும் கோளாறுக்கு இரண்டு மடங்கு; சோதித்து, எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிய கோளாறுக்குக் கால் பங்கு கூடுதல். நான் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்.

அந்த 100ஐக் கண்டுபிடிக்கும்போது கவனம். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. அதே மாடல், அதே வேரியன்ட், வருடத்தில் ஒன்று முன்பின், ஓட்டத்தில் 20,000 கி.மீ. முன்பின் உள்ள எட்டுப் பத்து வண்டிகளை எடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் அதே விலையில் தூங்குபவற்றை நீக்குங்கள். நடு விலையில் பேரத்துக்காக 5 முதல் 8 சதவீதம் குறைத்தால் ஓரளவு நிஜம் கிடைக்கும்.

முதல்விற்பனை:
பிரஷர் டெஸ்ட் பண்ணினோம். 1.1 பாரிலிருந்து 15 நிமிஷத்தில் 0.7க்கு வந்தது. வாட்டர் பம்ப் ஓட்டைக்குக் கீழே இளஞ்சிவப்புக் கறை, தொட்டா ஈரம். கேஸ் டெஸ்ட் நீலமாகவே இருக்கு. காயில் மாற்றினதும் பி0303 வந்துடுச்சு. 'டொக்' சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க் (சஸ்பென்ஷனில் இருக்கிற இணைப்புக் கம்பி). சக்கரம் தரையில் இருக்கும்போதே கையால் ஆட்டினா ஆடுது.

ஸ்பேனர்14:
அருமை. மூன்றையும் மாற்றிடுங்க. லிங்க்கை இரண்டு பக்கமும் போடுங்க. வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் ஓட்டுகிற எஞ்சினாக இருந்தால் பெல்ட், டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்க. பிரிக்கிற வேலை ஒன்றேதான். கசிவை அடைக்கிற பொடி, திரவம் எதையும் ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம். ஹீட்டர் கோர் அடைபட்டு நாலு கோளாறு அஞ்சாகும்.

நாலாம்கியர்:
கிளட்ச்சையும் மாற்றிட்டே விற்கணும்ங்கிறது என் கருத்து. ஓட்டிப் பார்க்கிறவன் வண்டி இழுக்கலைன்னதும் எஞ்சின் வீக்குன்னு நினைச்சுட்டுப் போயிடுவான். முதலில் பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்றதுக்கு முன்னாடி பெடல் லேசா இறங்குற இடைவெளி) பாருங்க. கேபிள் கிளட்ச்சில் ஃப்ரீ பிளே இல்லாம இறுக்கி வச்சிருந்தா, தட்டு முழுசா பிடிக்காமலே வழுக்கும். அட்ஜஸ்ட்மென்டிலேயே சரியாகிற கேஸும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
ஃப்ரீ பிளே சரியாக இருந்தும் வழுக்கினால் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். பம்ப், காயில், லிங்க் சேர்த்து 5 செலவு என்று கொள்வோம். கிளட்ச்சை அப்படியே விட்டால் கழிவு 7க்குக் கால் பங்கு கூட்டி 8.75. விற்பது 91, கையில் நிற்பது 86. கிளட்ச்சையும் மாற்றினால் 100 – 5 – 7 = 88. வித்தியாசம் 2தான். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு ஃப்ளைவீல் (கிளட்ச் தட்டு அழுந்தும் சக்கரம்) முகம் வெந்து கோடு விழுந்திருந்தாலோ, கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து தட்டு எண்ணெயில் நனைந்திருந்தாலோ அந்த 2 கரைந்துவிடும். டீலருக்குத் தருவதென்றால் பேச்சே இல்லை; உங்களைவிட மலிவாக அவர் மாற்றிக்கொள்வார்.

நாலாம்கியர்:
கணக்கு சரி. ஆனா ஓட்டக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், இறங்கின பிறகு சொன்னா எடுபடாது.

ஸ்பேனர்14:
எரர் கோட்-ஐ அழிச்ச அன்னைக்கே வண்டியைக் காட்டாதீங்க. ஸ்கேனர் கொண்டு வருகிறவர் ரெடினஸ் மானிட்டர் (கார் தன்னைத்தானே சோதிக்கிற சோதனைகள்) முடியாமல் இருப்பதைப் பார்த்து, எதையோ மறைத்ததாக நினைப்பார். சில நாள் சாதாரணமா ஓட்டுங்க, அதுவே நிறைவாயிடும். விளம்பரத்தில் இப்படிப் போடுங்க: "கிளட்ச் மாற்ற வேண்டும், எஸ்டிமேட் கையில் உள்ளது, விலையில் கழித்தாகிவிட்டது. வாட்டர் பம்ப், இக்னிஷன் காயில், லிங்க் புதியவை, பில் உண்டு." அந்த 100 கணக்கில் கேட்கும் விலை 95, இறங்கும் எல்லை 89.