மறு: கிரீன்வாஷிங் – 'பசுமைச்சாயம்' என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். சூழலுக்கு நல்லது என்று காட்டி ஏமாற்றி விற்பதை ஆங்கிலத்தில் கிரீன்வாஷிங் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டவள் நான்தான், அதனால் பரிந்துரைகளுக்குப் பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தச் சொல் எனக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்குத் தியாகராய நகரில் ஒரு கடையில் துணி எடுத்தோம். கடைக்காரர் கொடுத்த பையில் பெரிய இலைப் படம், கீழே 'மண்ணில் மக்கும் பை' என்று எழுத்து. தொட்டால் துணி மாதிரியே இருந்தது. அம்மா அதைப் பத்திரப்படுத்தி, கிளிப்புகளைப் போட்டு மொட்டைமாடிக் கொடிக்கம்பியில் மாட்டிவைத்தார். சித்திரை வெயில் முடிவதற்குள் பை தொட்ட இடமெல்லாம் செதில் செதிலாக உதிர ஆரம்பித்துவிட்டது. "பாருடி, சொன்ன மாதிரியே மக்குது" என்றார் அம்மா. அது மக்கவில்லை. பாலிப்ரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் சூட்டில் ஒட்டிச் செய்த பை அது. வெயில் பட்டு நொறுங்கி, பொடிப்பொடியான நெகிழித் துகளாக மாடி முழுக்கக் கிடந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் இந்த நெய்யாத பையும் உண்டு.

"ஏமாத்திட்டாங்கம்மா" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. எடையில் குறைத்தாலும் அதே சொல்தான், பழைய சரக்கைப் புதிது என்று விற்றாலும் அதே சொல்தான். ஒருவருடைய நல்லெண்ணத்தையே பிடித்து ஏமாற்றுகிற இந்தக் காரியத்துக்குத் தனிப்பெயர் இருந்தால்தான் அம்மா அடுத்த முறை கடையிலேயே அதை அடையாளம் காண்பார். எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பில் வீடுதோறும் கொடுக்க நான் எழுதிக்கொண்டிருக்கும் துண்டறிக்கைக்கும் இந்தச் சொல்தான் தலைப்பு.

ஆங்கிலச் சொல்லின் கதையை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. துண்டைத் திரும்பப் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று அறையில் அட்டை வைக்கும் ஓட்டல்களுக்கு உண்மையில் மிச்சமாவது சலவைச் செலவுதான் என்று அதில் சுட்டிக்காட்டினார். சுவருக்கு வெள்ளையடிப்பதைச் சொல்லும் 'ஒயிட்வாஷ்' என்ற சொல் ஆங்கிலத்தில் குற்றத்தை மூடி மறைப்பதையும் குறிக்கும். அதில் வெள்ளையை எடுத்துவிட்டுப் பச்சையை வைத்தார்கள். நமக்கு அந்த வழி உதவாது. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் ஊரில் நல்ல காரியம், அதில் மறைப்பு எதுவும் இல்லை.

இனி ஒவ்வொரு பரிந்துரையாக.

> 'பச்சைப்பூச்சு' சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் தமிழில் பச்சை என்றால் நிறம் மட்டும் இல்லை; பக்குவப்படாதது, கலப்பில்லாதது என்ற பொருளும் உண்டு. பச்சைத்தண்ணீர், பச்சைக்குழந்தை, பச்சைப்பொய். கடைசிச் சொல்லைப் பார்த்ததும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அது ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிற சொல். சுற்றுச்சூழல் என்று வரும்போது பசுமைதான் நிலைத்துவிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தீபாவளிக்குத் தீபாவளி செய்தியில் வரும் பசுமைப் பட்டாசு. மக்களுக்குப் பழகியதை மாற்ற வேண்டாம்.

> பசுமை + பூச்சு, எனவே பசும்பூச்சு. பைம்பூச்சு என்றும் சொல்லலாம்.

ஐயா, புணர்ச்சியில் குறையே இல்லை. பைந்தமிழ், பைங்கிளி வரிசையில் பைம்பூச்சு அழகாகவே நிற்கிறது. ஆனால் பசும்பூச்சு என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "சாணி மெழுகுறதா?" என்று கேட்டார். பசும்பால், பசுஞ்சாணம் என்று பழகிய காதுக்குப் பசுதான் முதலில் வருகிறது. பைம்பூச்சு என்றபோது அவருக்கு எதுவுமே தோன்றவில்லை.

> போலிப்பசுமை என்றே சொல்லிவிடலாமே.

இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். தெளிவான சொல், கேட்டதும் புரிகிறது. ஆனால் எல்லாமே முழுப் போலியாக இருப்பதில்லை, அங்குதான் சிக்கல். மட்கும் பை என்று முறைப்படி சான்று வாங்கியவையும் விற்கிறார்கள். சான்றுக்கான சோதனை சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தொழிற்கூட உரமாக்கலைப் போன்ற சூழலில் நடக்கிறது. அந்தப் பை கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போனால் அந்தச் சூழல் அங்கே ஏது? பையில் அச்சடித்திருப்பது பொய்யில்லை, ஆனால் அதை நம்பி வாங்குகிறவர் மனதில் உண்டாகும் எண்ணம் தவறு. இதைப் போலி என்றால் விற்பவர் சான்றிதழைக் காட்டி வாயை அடைத்துவிடுவார். பாதி உண்மையையும் பிடிக்கிற சொல் வேண்டும்.

பூசி மெழுகுதல் என்ற வழக்கை நினைவூட்டிய அக்காவுக்கு நன்றி. மூடி மறைப்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல வழக்கு அது. அதிலிருந்து 'பசுமை மெழுகு' என்று பெயராக்கினால் மெழுகுவர்த்தி ஞாபகம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் 'பூசு' என்ற வினைதான் எனக்கு வழிகாட்டியது.

தமிழில் எதைப் பூசுவார்கள்? சந்தனம், மஞ்சள், சுண்ணாம்பு. அப்புறம், சாயம். "இதற்கு அரசியல் சாயம் பூசாதீர்கள்" என்று நாளிதழில் வாரம் ஒரு முறையாவது படிக்கிறோம். இல்லாத குணத்தை மேலே ஏற்றிக் காட்டுவது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. குட்டு உடைந்தால் "சாயம் வெளுத்தது" என்கிறோம். நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதையைத் தெரியாத குழந்தை நம் ஊரில் உண்டா? ஆகவே என் பரிந்துரை பசுமைச்சாயம். பசுமைச்சாயம் பூசுகிறார்கள், பசுமைச்சாய விளம்பரம், அந்த நிறுவனத்தின் பசுமைச்சாயம் வெளுத்தது. பெயர், வினை, பெயரடை, அம்பலமாவதற்கான வழக்கு எல்லாம் ஒரே சொல்லிலிருந்து வருகின்றன. அடியில் துணி உண்மையாக இருந்தாலும் மேலே ஏற்றியது சாயம்தான், அதனால் பாதி உண்மையும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

திருப்பூரில் சாயத் தொழில் தெரிந்த நண்பர் ஒருவரின் மறுப்பு வலுவானது. நெசவில் சாயம் என்பது உண்மையான பொருளாயிற்றே, சூழலுக்குக் கேடில்லாத சாயம் என்று புரிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்டார். நிறத்தைச் சொல்லும்போது பச்சைச் சாயம் என்கிறார்கள். அவுரி, மஞ்சள் போன்றவற்றிலிருந்து எடுப்பதை இயற்கைச் சாயம் என்கிறார்கள். பசுமைச்சாயம் என்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது. துணி பற்றிய கட்டுரையில் மட்டும் 'பூசுதல்' என்ற வினையோடு சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது.

இதே அச்சில் வேறு சொற்களும் வார்க்கலாம். சிறுதானிய பிஸ்கட் என்று கதிர்ப் படத்தோடு விற்பதை வாங்கி, பின்பக்கம் பாருங்கள். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் மைதாவும் அடுத்து சர்க்கரையும் இருந்தால் அது நலச்சாயம்.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைச்சாய விளம்பரங்களுக்கென்றே நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. இயற்கையானது, சூழலுக்கு உகந்தது என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, ஆதாரத்தோடு விளக்க வேண்டும் என்கிறது. இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல யார் உட்கார்ந்தாலும் முதல் வரியிலேயே இந்தச் சொல் தேவைப்படும்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். சேர்த்து எழுதுவதா, பசுமைச் சாயம் என்று பிரித்து எழுதுவதா என்பதையும் ஐயா சொல்லிவிட்டால் நல்லது.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து