கெக்லியான் கடை, பசி, படிக்கட்டு: மறக்க முடியாத ஒரு தளம்

தென்றல்77:
போக்கிமான் மிஸ்டரி டஞ்சன் வரிசையில் எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் ஸ்கை, படிக்கட்டு தேடித் தளம் தளமாகக் கடக்கும் ஆட்டம், கதையின் பின்பாதி. கூடவே வரும் பார்ட்னர் பிக்காச்சு. தளத்தில் விரிப்பு போட்டு விற்கும் கெக்லியான் கடையில் தண்டர்போல்ட் டிஎம் (மின்தாக்குதலைக் கற்றுத்தரும் பொருள்) கிடந்தது, காசு போதவில்லை, படிக்கட்டு அதே அறையில் ஆறு கட்டம் தள்ளி. காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு விரிப்பை விட்டு இறங்கினேன், பாட்டு மாறிவிட்டது. படிக்கு ஒரு கட்டம்தான் பாக்கி, திரும்பினால் பிக்காச்சு இரண்டு கட்டம் பின்னால், அவன் பக்கத்தில் கெக்லியான். ஒரே அடி. விழுந்தவரை எழுப்பும் ரிவைவர் விதை பையில் ஒன்றுகூட இல்லை, கதை முடிகிறவரை பார்ட்னர் விழுந்தால் ஆட்டமும் முடிந்தது. அவனுக்காகத்தான் அதை எடுத்தேன்.

மழைக்காலம்:
படி பக்கத்தில் இருக்கிறதே என்று இறங்கியதுதான் தப்பு. திருடினால் ஒரு கெக்லியானோடு போகாது, தளம் முழுக்க வந்துவிடுவார்கள். தலைவன் ஓடினால் பார்ட்னர் பின்னால்தான் வருவான், முதல் அடி அவனுக்குத்தான். காசு இல்லையென்றால் பையில் இருப்பதை விரிப்பில் வையுங்கள், கெக்லியானே விலை சொல்லி வாங்கிக்கொள்வான். எதிரிகள் கூட்டமாக இருக்கும் மான்ஸ்டர் ஹவுஸ் அறையிலும் இப்படித்தான், நடு அறையில் நின்று அடிக்காமல் வந்த வழிக்கே பின்வாங்கினால் ஒவ்வொன்றாகத்தான் வரும், சுவர் முனையில் குறுக்காக அடிக்கவும் முடியாது. தூரத்திலிருந்து அடிப்பவை இருந்தால் மட்டும் நேர்கோட்டில் நிற்காதீர்கள். என் கதை சின்னது: நிண்டெண்டோ டிஎஸ்ஸில் இதே வகை ஆட்டமான ஷிரன், கடையில் திருடினேன், கடைக்காரர் ஒரே அடியில் முடித்துவிட்டார், மறுபடி லெவல் 1, கை காலி.

கருங்கல்:
மழைக்காலம், அவர் வழி கேட்கவில்லையே, மனதில் கிடப்பதைச் சொன்னார். எனக்குக் கிடப்பது பசி. அதே வரிசையில் முந்தைய ரெட் ரெஸ்க்யூ டீம், ஆங்கிலத்தில் 2006ல் வந்தது, அதில் மேக்மா கேவர்ன் என்ற குகை. வயிறு 0, ஆப்பிள் தீர்ந்துவிட்டது, எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) ஒன்று ஒன்றாகக் குறைகிறது, அந்தத் தளத்தில் படி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரு நீள வழி, அதன் முடிவில் அறை, அறைக்குள் படி தெரிந்தது, அங்கேயே விழுந்தேன். விழுந்ததும் ஆட்டம் தந்த பாஸ்வேர்டை, காப்பாற்றச் சொல்லி இணையத்தில் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் தன் அணியோடு அந்தத் தளம் வரை இறங்கிவந்து, பதில் பாஸ்வேர்டு அனுப்பினார். அக்கா ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் விரல் நடுங்க அடித்தேன், ஒரு எழுத்து தப்பி மறுபடி முதலிலிருந்து. என் அணி எழுந்து நின்றது. அவருக்கு நன்றி சொன்னேனா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

தென்றல்77:
மழைக்காலம், விரிப்பில் வைத்தால் வாங்குவான் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். பையில் ஓரன் பெர்ரி நாலைந்து இருந்தது, வேண்டாத ஆர்பும் (மந்திர உருண்டை) இருந்தது. கூட்டிப் பார்க்கக்கூட இல்லை, படியைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன்.