யானை காதை விரித்தால் பொய்ப் பாய்ச்சலா?

மோப்பானி:
ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்கு நடைப்பயணம் போகிறவர்களுக்கு என்று ஒருவர் எழுதிய குறிப்பு ரெண்டு நாளாகச் சுற்றுகிறது. அதில் இந்த வரி: "யானை காதை விரித்துக்கொண்டு ஓடிவந்தால் வெறும் மிரட்டல். காதை ஒட்டிக்கொண்டு வந்தால்தான் ஆபத்து." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. காது ஓட்டத்தின் நடுவிலேயே மாறும் ஐயா. விரித்த காதோடு கிளம்புகிற தாய் யானை பாதி வழியில் காதை ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்திவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விலங்கு 30 மீட்டரை மூன்று நொடிக்குள் கடந்துவிடும். அதற்குள் காதைப் படித்து முடிவெடுப்பீர்களா?

பாவோபாப்:
எழுதியவர் கற்பனையாக எழுதவில்லை. தலை நிமிர்ந்திருக்கும், காது விரிந்திருக்கும், பிளிறும், புழுதி கிளப்பும், சட்டென்று நிற்கும். இதுதான் மிரட்டல், பொய்ப் பாய்ச்சல் என்பது. சத்தமில்லாமல் தாழ்ந்த தலையோடு வருவது வேறு. வழிகாட்டிகளே இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மோப்பானி:
"பெரும்பாலும்" என்று சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் குறிப்பில் அந்தச் சொல் இல்லை. அது இல்லாததுதான் என் சண்டை.

செல்வராணி:
ஒரு கேள்வி. பொய்ப் பாய்ச்சல் என்றால் யானை தானாக நின்றதா, ஆள் கத்தியதால் நின்றதா? இதை முதலில் முடிவு செய்யாமல் காதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மோப்பானி:
காதைப் பற்றித்தான் பேசவேண்டும், குறிப்பு காதைப் பற்றித்தானே இருக்கிறது! பார்க்கவேண்டியது பாய்வதற்கு முந்தைய நிமிடங்களை. முன்னங்காலை முன்னும் பின்னும் ஆட்டுகிறதா? தும்பிக்கை நுனியை முறுக்குகிறதா? புல்லைப் பிடுங்கி, தின்னாமல் கையில் வைத்திருப்பதுபோல் வைத்திருக்கிறதா? அப்படியானால் என்ன செய்வதென்று அதற்கே குழப்பம். அந்த நேரத்தில் பின்வாங்கினால் பெரும்பாலும் பாய்ச்சலே வராது. ஆண் யானை என்றால் கன்னத்தில் மதநீர் வழிந்து வாய்வரை கறை இருக்கிறதா, சிறுநீர் சொட்டிப் பின்கால்களின் உள்பக்கம் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காது எப்படி இருந்தாலும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஜாம்பேசி:
காற்றை விட்டுவிட்டீர்களே. சின்னத் துணிப்பையில் மரச்சாம்பல் கட்டிக்கொண்டு ரெண்டு நிமிடத்துக்கு ஒருதரம் தட்டிப் பார்ப்பது எதற்காக? காலையில் ஒரே திசையில் வீசும் காற்று, வெயில் ஏறித் தரை சூடானதும் சுழல ஆரம்பிக்கும். பத்து மணிக்கு மேல் யானைக்கூட்டத்தை நெருங்கினால் நம் வாசனை எந்தப் பக்கம் போகுமென்று யாருக்கும் தெரியாது. பாய்ச்சல்கள் பலவும் அதில்தான் தொடங்குகின்றன.

பாவோபாப்:
காற்றை யாரும் மறுக்கவில்லை. மோப்பானி எப்போதும் இப்படித்தான். போன மாதம் நீர்யானை விவாதத்திலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு போட்டார்.

மோப்பானி:
போட்டேன், இன்னும் போடுவேன். "நீர்யானை வந்தால் கரையோரம் ஒதுங்குங்கள்" என்று எழுதியது நீங்கள்தான். அது தண்ணீருக்குத்தான் ஓடும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆளை நிறுத்துகிற யோசனை அது. தடத்தை விட்டுப் பக்கவாட்டில் விலகவேண்டும் என்றேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

காட்டுவழி:
காது விரிந்திருந்தால் என்ன, ஒட்டியிருந்தால் என்ன, கடைசியில் துப்பாக்கிதானே? .375 அங்குலக் குண்டு போடும் துப்பாக்கி போதும்.

ஜாம்பேசி:
.375 என்பது பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்த அளவு. அதன் 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டு மூளையில் பட்டால் யானை விழும். ஒரு கையகலம் தவறினால் நிற்காது. 500 கிரெய்ன் (சுமார் 32 கிராம்) குண்டு போடும் .458 என்றால் தவறினாலும் திருப்பிவிட வாய்ப்புண்டு. எதுவானாலும் யானைக்கு முழு உலோக உறைக் குண்டுதான். மென்முனைக் குண்டு தேன்கூடு மாதிரியான மண்டையெலும்பிலேயே சிதறிவிடும்.

மோப்பானி:
அந்த மூளையை எங்கே தேடுவீர்கள்? ரெண்டு காதுத்துளைக்கும் குறுக்கே ஒரு கம்பி செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் இருக்கிறது. தலை நிமிர்ந்திருந்தால் குண்டு நுழையவேண்டிய இடம் தும்பிக்கையில் கீழே இறங்கும், தாழ்ந்திருந்தால் நெற்றிக்கு ஏறும். அதனால்தான் சொல்கிறேன், தலையைப் பாருங்கள், காதை அல்ல.

காட்டுவழி:
லுவாங்வாவில் வழிகாட்டியே சுடுவாரா?

செல்வராணி:
அங்கே துப்பாக்கி பூங்காத்துறைக் காவலர் கையில். அவர் முன்னால், வழிகாட்டி அடுத்து, பயணிகள் ஒற்றை வரிசையில், தேநீர்ச் சாமான் சுமப்பவர் கடைசியில். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வேறு மாதிரி. 1978இல் தொடங்கிய வோல்ஹூட்டர் நடைப்பாதை முதல் இன்றுவரை எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப்போவதில்லை, ஆயுதமேந்திய வழிகாட்டிகள் ரெண்டு பேர். என் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

பாவோபாப்:
பயணி செய்யவேண்டியது ஒன்றுதான், ஓடாமல் நிற்பது. காது விரிந்திருந்தால் மிரட்டல் என்று தெரிந்தால் தைரியமாக நிற்பான். அந்த வரி உயிரைக் காக்கும்.

மோப்பானி:
நிற்பது சரி. அவன் நிற்கவேண்டியது வழிகாட்டி நில் என்றதால். வழிகாட்டி ஓரடி முன்வைத்துக் கத்துவார், காவலர் துப்பாக்கிக் கட்டையைத் தட்டுவார், மற்றவர்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நெருங்கி நிற்கவேண்டும். அடுத்து வழிகாட்டி மறைவுக்காகக் கரையான் புற்றுக்கு நகரச் சொல்வார். "காது விரிந்திருக்கிறது, ஒன்றுமில்லை" என்று ஒருவன் தனியாக நின்று படமெடுத்தால் வரிசை உடைந்தது.

பாவோபாப்:
படமெடுக்கச் சொல்லி அவர் எழுதவில்லை.

மோப்பானி:
"வெறும் மிரட்டல்" என்று எழுதினாரே. "வெறும்" என்பதற்கு வேறென்ன அர்த்தம்?

ஜாம்பேசி:
காற்றைப் பற்றி நான் சொன்னதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

மோப்பானி:
முதலில் காது.