டஸ்டி ரோட்ஸ் டேக் டீம் கிளாசிக் முழுசா பாத்து முடிச்சேன், ஒரு விஷயம் உறுத்துது

மூணாவது கயிறு:

வணக்கம் மக்களே. ரெண்டு மாசமா தூக்கத்த விட்டு டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தத்துல இளசுங்க ஷோவான என்எக்ஸ்டியோட டஸ்டி ரோட்ஸ் டேக் டீம் கிளாசிக்க (ரெண்டு ரெண்டு பேரா சேந்து, கைய தட்டி மாத்தி மாத்தி உள்ள வந்து ஆடற டோர்னமெண்ட்) 2015ல ஆரம்பிச்சு 2024 வரைக்கும் வரிசையா பாத்துட்டேன், ஆண்கள் பிரிவு மட்டும். ரொம்ப பிடிச்சிருந்துது, அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே சொல்லப்போறது குறை.

2015 ஜூன்ல பழைய மல்யுத்த ஸ்டார் டஸ்டி ரோட்ஸ் இறந்தாரு, அதே வருஷம் அவர் பேர்ல இத ஆரம்பிச்சாங்க, 16 டீம். அக்டோபர் 7 டேக்ஓவர் ரெஸ்பெக்ட்ங்கற பெரிய ஷோல செமி ஃபைனல் ரெண்டும் ஃபைனலும் ஒரே ராத்திரி. செமில யாரு இருக்காங்க பாருங்க, ஒரு பக்கம் டாஷ் வைல்டர் ஸ்காட் டாசன், இன்னொரு பக்கம் ஜேசன் ஜோர்டன் சாட் கேபிள். ரெண்டுமே பக்காவான டீம். ஜோர்டன் ஹாட் டேக் வாங்கி, அதாவது அடி வாங்கி தவிச்ச பார்ட்னர் கைய தட்டினதும், உள்ள வந்தா ஃபுல் சேல் அரங்கத்து கூட்டம் போட்ட சத்தம் இருக்கே, ஹெட்ஃபோன கழட்டி வச்சிட்டு திரும்ப மாட்டினேன். ஆனா ரெண்டு டீமும் செமியோட காலி. ஃபைனலுக்கு வந்தது ஃபின் பேலர் சமோவா ஜோ, எதிர்ல பேரன் கார்பின் ரைனோ. நாலு பேருமே தனியா ஆடறவங்க. பேலர் அப்போ என்எக்ஸ்டி சாம்பியன் வேற. பேலரும் ஜோவும் ஜெயிச்சாங்க, அடுத்த மாசமே ஜோ பேலர முதுகுல குத்திட்டாரு, டீம் முடிஞ்சுது.

இது ஒரு தடவைன்னா விட்டுடலாம். 2019ல அலிஸ்டர் பிளாக் ரிக்கோஷே, 2020ல மேட் ரிடில் பீட் டன், 2024ல ப்ரான் பிரேக்கர் கார்பின். எல்லாமே ரெண்டு சிங்கிள்ஸ் ஆள ஒட்ட வச்ச டீம்தான். வருஷக்கணக்கா ஒண்ணா ட்ராவல் பண்ணி ஒண்ணா ப்ராக்டிஸ் பண்ணி ஒருத்தர் கைய பாக்காமலே இன்னொருத்தர் டேக் குடுக்கற அளவுக்கு வந்த டீமுங்க, போன வாரம் சேந்தவங்ககிட்ட தோக்கறாங்க. அப்போ டேக் டீம் டோர்னமெண்ட்னு எதுக்கு பேரு? நான் தப்பா பாக்கறேனா, இல்ல உங்களுக்கும் இப்படி தோணியிருக்கா?

டேக் ரோப்:

நல்ல கேள்வி நண்பா, உங்க கோபம் புரியுது, ஜோர்டன் கேபிள் தோத்தப்போ எனக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா முடிவு அங்க இல்லன்னு நெனைக்கறேன்.

முதல்ல, கோப்பை யார் பேர்ல இருக்கோ அந்த மனுஷனையே எடுத்துக்கங்க. 1986ல நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம்ல ஜிம் கிராக்கெட் ப்ரமோஷன்ங்கற மல்யுத்த கம்பெனி க்ராக்கெட் கப்னு ஒண்ணு நடத்துனாங்க, 24 டீம், ஒரே நாள்ல முடிச்சாங்க. ரோட் வாரியர்ஸ் ஜெயிச்சாங்க, ஃபைனல்ல தோத்தது மேக்னம் டிஏவும் ரானி கார்வினும். அந்த வருஷம் அக்டோபர்ல மேக்னம் கார் ஆக்ஸிடெண்ட்ல மாட்டி அவரோட மல்யுத்த வாழ்க்கையே முடிஞ்சு போச்சு. மேக்னமோட பெரிய எதிரியா இருந்தவரு நிகிதா கொலோஃப், ரஷ்யாக்காரன் வேஷம் கட்டின வில்லன். அந்த நிகிதா மனசு மாறி டஸ்டி பக்கம் வந்து நிக்கறாரு, 1987ல பால்டிமோர்ல நடந்த ரெண்டாவது க்ராக்கெட் கப்ப டஸ்டியும் நிகிதாவும் சேந்து ஜெயிக்கறாங்க, அங்க மேக்னம் நடந்து வந்தாரு. ஆக டஸ்டியே ஒட்ட வச்ச டீம்லதான் கப்பு வாங்கினாரு. ஆனா அந்த டீம் ஏன் சேந்துதுன்னு பாக்கறவனுக்கு ஒரு காரணம் இருந்துது, அதுவும் நெஞ்ச பிசையற காரணம். அதான் வித்தியாசம். 2015ல பேலர் ஜோவுக்கு அப்படி ஒரு காரணத்த குடுக்கல, அந்த இடத்துல நீங்க சொல்றது சரி.

ரெண்டாவது விஷயத்த நீங்க கவனிக்காம கடந்து போயிட்டீங்க. அதே 2015 முதல் ரவுண்டுல ஜானி கார்கானோ டொமாசோ சியாம்பா ரெண்டு பேரயும் இதே மாதிரி தான் ஒட்டி அனுப்பினாங்க, இண்டி (சின்னச் சின்ன கம்பெனிங்க) சுத்திட்டு இருந்த பசங்க. ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க, அடுத்ததுல பேலர் ஜோகிட்ட தோத்தாங்க. அவ்வளவுதான். அந்த டோர்னமெண்ட்ல அவங்கள யாரும் பெருசா பாக்கல. ஆனா அதுல இருந்து தான் டிஐஒய்ங்கற அவங்க டீம் வந்துது.

2016 நவம்பர் 19 டேக்ஓவர் டொராண்டோ பாத்திருப்பீங்க. அந்த ராத்திரி டஸ்டி கிளாசிக் ஃபைனல்ல ஆதர்ஸ் ஆஃப் பெயின் டிஎம் 61 டீம அடிச்சு கப்பு வாங்கினாங்க, மேனேஜர் பால் எல்லரிங்க கூண்டுல போட்டு மேல தூக்கி வச்சிருந்தாங்க. எல்லரிங் யாருன்னா 1986ல க்ராக்கெட் கப் ஜெயிச்ச அதே ரோட் வாரியர்ஸோட மேனேஜர், சரியா 30 வருஷம் கழிச்சு இன்னொரு ரெண்டு முரட்டுப் பசங்களோட டஸ்டி பேர்ல இருக்கற கப்ப தூக்கறாரு, எனக்கு இத நெனச்சாலே சிலிர்க்கும். ஆனா அன்னிக்கு ராத்திரி எல்லாரும் பேசினது அந்த ஃபைனல பத்தி இல்ல, டிஐஒய் ரிவைவல் (டாஷ் டாசன் டீமோட புதுப் பேரு) டைட்டில் மேட்ச பத்தி. மூணு ஃபால்ல ரெண்ட ஜெயிக்கணும். கடைசி ஃபால்ல கார்கானோ ஒருத்தர பிடிச்சு கழுத்த முறுக்கறாரு, சியாம்பா இன்னொருத்தர் கைய உடைக்கறாரு, டாஷும் டாசனும் பக்கத்துல பக்கத்துல கிடக்கறாங்க. ஒருத்தன் தோல்விய ஒத்துக்கிட்டு தரைய தட்டப் போறான், இன்னொருத்தன் கை நீட்டி அவன் கைய இறுக்கிப் பிடிச்சு தட்ட விடாம வச்சிருக்கான். ரெண்டு பேரும் வலில துடிச்சுக்கிட்டே ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுட்டு இருக்காங்க, பிடி நழுவுது, ரெண்டு பேரும் ஒண்ணா தட்டறாங்க. வில்லனுங்க மேல அந்த அஞ்சு செகண்ட்ல பரிதாபம் வந்துது எனக்கு. டேக் டீம்னா என்னன்னு யாராவது கேட்டா நான் அந்த கைய தான் காட்டுவேன்.

இதுல ஒரு டீம் நீங்க சொல்ற செமில தோத்த பக்காவான டீம், இன்னொண்ணு முதல் ரவுண்டுக்கு ஒட்டி அனுப்பின டீம். டோர்னமெண்ட்ல யார் கப்பு வாங்கினாங்கன்றத விட அதுல இருந்து எந்த டீம் வெளிய வந்துதுன்னு பாருங்க, 2015 உங்களுக்கு வேற மாதிரி தெரியும்.

பிளைண்ட் டேக்:

டேக் ரோப் சொல்றதுல பாதிய ஒத்துக்கறேன், பாதிய ஒத்துக்க மாட்டேன். டீம் பின்னாடி உருவாகும்னா சரி, ஆனா அன்னிக்கு தோத்தவனுக்கு என்ன பதில்? நான் க்ரிஸில்ட் யங் வெட்டரன்ஸ் டீமோட ரசிகன், அதாவது ஸாக் கிப்சன் ஜேம்ஸ் ட்ரேக். 2019 ஜனவரில முதல் என்எக்ஸ்டி யூகே டேக் டைட்டில ஜெயிச்சவங்க, அதுவும் டோர்னமெண்ட் வழியா வந்து பிளாக்பூல்ல ஃபைனல் ஆடி. கிப்சன் மைக் எடுத்தா கூட்டம் ஷூவ கழட்டி கைல தூக்கிப் பிடிச்சு கத்தும், அந்த அளவுக்கு வெறுப்ப சம்பாதிக்க தெரிஞ்ச ஹீல், அதாவது வில்லன். 2020 ஃபைனல்ல ரிடில் டன்கிட்ட தோத்தாங்க. 2021 காதலர் தினத்தன்னிக்கு வெஞ்சன்ஸ் டே ஃபைனல்ல எம்எஸ்கேங்கற டீம்கிட்ட தோத்தாங்க. தொடர்ந்து ரெண்டு ஃபைனல்.

அந்த மேட்சுங்கள திரும்ப போட்டு கிப்சனயும் ட்ரேக்கயும் மட்டும் பாருங்க, மத்த ரெண்டு பேர விட்டுடுங்க. எதிராளிய தங்களோட கார்னர்ல அடைச்சு வச்சிட்டா அவன் அந்தப் பக்கம் போகவே முடியாது, ஊர்ந்து ஊர்ந்து ரெண்டடி போவான், கால பிடிச்சு இழுப்பாங்க, எட்டி கை நீட்டுவான், இன்னொருத்தன் வந்து அவனோட பார்ட்னர ஏப்ரன்ல (கயிறுக்கு வெளிய நிக்கற ஓரம்) இருந்து கீழ தள்ளிடுவான், டேக் குடுக்க ஆளே இருக்காது. ரெஃப்ரி திரும்பற அந்த ஒரு நொடிய எப்படி உபயோகிக்கணும்னு அளந்து வச்சிருப்பாங்க. எதிர் டீம் ஹாட் டேக் வாங்கும்போது கூட்டம் வெடிக்குதுன்னா அதுல முக்காவாசி வேலை அடைச்சு வச்சவன் செஞ்சது. கைத்தட்டு எல்லாம் டேக் வாங்கினவனுக்கு போகுது. இவங்க இல்லாம ரிடில் டன் ஃபைனல் அவ்வளவு நல்லா வந்திருக்காது, எம்எஸ்கே ஃபைனலும் வந்திருக்காது.

எம்எஸ்கே ஜெயிச்சது எனக்கு ஓகே, அவங்க ஏற்கனவே ரொம்ப நாள் ஒண்ணா ஆடின டீம். 2022ல க்ரீட் பிரதர்ஸ் அதே எம்எஸ்கேவ அடிச்சு ஜெயிச்சதும் ஓகே, கூடப் பிறந்தவங்க. ஆனா 2020 எனக்கு ஆறல. ரிடிலும் டன்னும் அடுத்த மாசம் போர்ட்லண்ட்ல டைட்டிலும் ஜெயிச்சாங்க, அப்புறம் கொரோனா வந்து டன் வர முடியாம போய் டிமதி தாட்சர் உள்ள வந்து மே மாசத்துல டைட்டில் போச்சு. அது யார் தப்பும் இல்ல, புரியுது. ஆனாலும்.

இரும்பு மணி:

ஒரு விஷயம் சேத்துக்கறேன். இந்த உறுத்தல் நாக்அவுட்ல தான் அதிகமா வரும். தோத்தா வீட்டுக்கு போன்னு இருக்கறதால முதல் ரவுண்டுல எட்டு டீம் காணாம போயிடுது, ஒட்ட வச்ச டீம் ரெண்டு மேட்ச் ஜெயிச்சா செமில நிக்குது. ஜப்பான் லீக் பாருங்க, எல்லாரும் எல்லாரோடயும் ஆடணும், பாயிண்ட் சேரணும், வாரக்கணக்குல நடக்கும். அங்க டீம் உருவாகறது உங்க கண்ணு முன்னாடியே தெரியும்.

1977 டிசம்பர்ல ஆல் ஜப்பான் கம்பெனி நடத்துன ஓபன் டேக் லீக்ல கடைசி நாள், டோக்கியோவோட குரமாயே கொகுகிகான் அரங்கம். டோரி ஃபங்க் டெர்ரி ஃபங்க் அண்ணன் தம்பி ஒரு பக்கம், அப்துல்லா த பட்சரும் த ஷேக்கும் இன்னொரு பக்கம். அப்துல்லா ஃபோர்க்க எடுத்து டெர்ரியோட கைல குத்தறாரு, திரும்ப திரும்ப அதே இடத்துல. டெர்ரி வெளிய போய் கட்டு போட்டுட்டு திரும்ப வந்து அண்ணன காப்பாத்த இன்னொரு கையால குத்து விடறாரு பாருங்க, டெக்சஸ்ல இருந்து வந்த ஆளு அந்த ஒரு ராத்திரில ஜப்பான் ஜனங்களுக்கு சொந்தக்காரன் ஆயிட்டாரு. அடுத்த வருஷத்துல இருந்து அந்த லீக் வருஷா வருஷம் நடக்கற வழக்கமாச்சு.

பிளைண்ட் டேக் நண்பருக்கு இன்னொண்ணு. 1993 டிசம்பர் 3, அதே லீக்ல மிசாவாவும் கோபாஷியும் ஜெயிக்கறாங்க, தோத்தது கவாடா டாவே. 94, 95லயும் மிசாவா கோபாஷிதான். கவாடா டாவே கலைஞ்சு போகல, சேந்தே ஆடினாங்க, 1996 டிசம்பர் 6 புடோகான்ல மிசாவாவும் ஆகியாமாவும் எதிர்ல நிக்க லீக்க ஜெயிச்சாங்க. மூணு வருஷம் காத்திருந்தது அந்த கடைசி பின்ஃபால்ல தெரியும். உங்க கிப்சன் ட்ரேக்குக்கு மூணாவது ஃபைனல் ஒண்ணு குடுத்து ஜெயிக்க வச்சிருந்தா அந்த ரெண்டு தோல்வியும் பொன்னா மாறியிருக்கும். தோக்க வச்சது தப்பில்ல, திரும்ப கூட்டிட்டு வராதது தான் தப்பு.

மூணாவது கயிறு:

எல்லாருக்கும் நன்றி, நிஜமாவே. டேக் ரோப் சொன்னதும் போய் 2015 முதல் ரவுண்டு கார்கானோ சியாம்பா மேட்ச திரும்ப போட்டேன், போன தடவ பாதில ஃபோன் பாத்துட்டு இருந்திருக்கேன் போல, இப்போ தெரிஞ்சு பாக்கறப்போ தொண்டை அடைச்சுது. அதுவும் 2019ல இவங்க ரெண்டு பேரும் திரும்ப சேந்து இதே டோர்னமெண்ட்டுக்கு வராங்க, செமில பிளாக் ரிக்கோஷேகிட்ட தோத்துட்டு மேல ஸ்டேஜ்ல நிக்கறாங்க, சியாம்பா பழையபடி கார்கானோவ முதுகுல குத்தப் பாக்கறாரு, இந்த தடவ கார்கானோ முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்து அவர திருப்பிப் போடறாரு. அத நான் சும்மா ஒரு ஆங்கிள்னு கடந்து போயிருந்தேன். ஆரம்பிச்ச டோர்னமெண்ட்லயே அன்னிக்கு உடைஞ்சிருக்கு அந்த டீம்.

அதே மாதிரி கார்பின் விஷயமும் இப்போ தான் உறைச்சுது. 2015 முதல் ஃபைனல்ல தோத்த ஆளு, அப்போ கூட்டத்துக்கு அவர பிடிக்கவே பிடிக்காது. 2024 பிப்ரவரி 4 வெஞ்சன்ஸ் டேல கப்ப தூக்கறாரு, எட்டு வருஷத்துக்கு மேல கழிச்சு. பிரேக்கரோட ஒட்ட வச்சதுன்னு மேல திட்டியிருந்தேன், அத வாபஸ் வாங்கிக்கறேன். எதிர்ல கார்மெலோ ஹேய்ஸ் ட்ரிக் வில்லியம்ஸ், ரொம்ப நாள் நண்பனுங்க, ஷோ முடியறப்போ ஹேய்ஸ் ட்ரிக்க அடிச்சுட்டாரு. ஒட்ட வச்ச டீம் நிலைச்சு நின்னு ரெண்டு வாரத்துக்குள்ள டைட்டிலும் வாங்குது, நண்பனுங்க டீம் அதே ராத்திரி உடையுது.

2015 மட்டும் இன்னும் மன்னிக்க மாட்டேன். ஜோர்டன் கேபிள் ஃபைனல் போயிருக்கணும்.

டேக் ரோப்:

அதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்ல. 2018 பத்தி யாருமே பேசலயே? நியூ ஆர்லியன்ஸ், கப்பும் டைட்டிலும் ஒரே மேட்ச்ல, மூணு டீம். ராடரிக் ஸ்ட்ராங் கூட நின்ன பீட் டன்ன அடிச்சுப் போட்டு ஓரைலிய தூக்கி அவர் மேல போட்டு ஜெயிக்க வச்சிட்டு ஓரைலியும் ஆடம் கோலும் இருந்த அன்டிஸ்ப்யூட்டட் ஈரா கும்பல் பக்கம் போய் நிக்கறது. அந்த நேரம் டன் மூஞ்சிய பாக்காதீங்க, ஆடம் கோல் மூஞ்சிய பாருங்க.

பிளைண்ட் டேக்:

இப்போவே போடறேன். இரும்பு மணி, அந்த 1996 மேட்ச் பேரையும் தேதியையும் குறிச்சு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை பாத்துட்டு வந்து எழுதறேன்.