வீட்டுத் தோட்டத்தில் நீங்கள் விரும்பி வளர்க்கும் பூ எது, ஏன்?

கேள்வி – மேற்குவாசல்:
வணக்கம். நாங்கள் புதிதாகக் குடிவந்திருக்கும் வீட்டின் மேற்குப் பக்கத்தில், இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண்தரை இருக்கிறது. அங்கே நண்பகலுக்குப் பிறகுதான் வெயில் விழும். காய்கறிக்கு மாடி இருப்பதால் இந்த இடத்தைப் பூவுக்கென்றே ஒதுக்க நினைக்கிறோம். உங்கள் வீட்டில் நெடுங்காலமாக இருக்கும் பூச்செடி எது, அதன்மேல் ஏன் அத்தனை பிரியம் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – காவிரிக்கரை:
தயக்கமில்லாமல் பவளமல்லி என்பேன். அந்தியில் மலரத் தொடங்கி, பொழுது விடிவதற்குள் தானாகவே உதிர்ந்துவிடும். பறிக்க வேண்டியதே இல்லை. முதல்நாள் இரவே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால், காலையில் வெள்ளை இதழ்கள் கவிழ்ந்து, செம்மஞ்சள் காம்புகள் மேல்நோக்கி நிற்கக் கிடக்கும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்குச் சாத்தக்கூடாது என்னும் கண்டிப்பு எங்கள் வீட்டில் உண்டு என்றாலும், இந்தப் பூவுக்கு மட்டும் விலக்கு. ஆனால் இது செடியாக நிற்காது, மரமாகிவிடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி – வைகைவாசி:
ஐயா சொல்வது அழகுதான். ஆனால் இருக்கும் இடத்தையெல்லாம் அந்த ஒரு மரமே எடுத்துக்கொள்ளும். பிற்பகல் வெயில் குறைவின்றிக் கிடைக்குமானால் குண்டுமல்லி வையுங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரியும். அதன் நாற்றுகள் பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருவது அவ்வளவாகத் தெரியாது. மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும் என்பதால், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால், மார்ச் முதல் மொட்டுகள் வரத் தொடங்கும். இரக்கப்பட்டு வெட்டாமல் விட்டவர்களின் வீட்டில் இலைதான் மிஞ்சும். மொட்டுகள் ஊதா நிறமாக மாறினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது என்று பொருள். அவற்றைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். காலையில் பறித்த மொட்டை மாலையில் தொடுத்துவைத்தால், இரவில் அது விரியும்போது வீடே மணக்கும். எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

மறுமொழி – கனகா ரசிகை:
அந்த மணமே எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. மல்லிகையை அறையில் வைத்தாலே என் மாமியாருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் நாங்கள் கனகாம்பரம் வளர்க்கிறோம். வாசனை இல்லை என்று அதைக் குறைத்துப் பேசுவார்கள். தலையில் வைத்தால் மறுநாளும் வாடாமல் இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அரைநிழலும் அதற்குப் போதும். முற்றிய கதிரில் தண்ணீர் பட்டால் காய்கள் படபடவென வெடித்து விதை தெறிக்கும். அதற்காகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றப் போட்டி போடுவார்கள். வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவால் செடி நலிந்தால், அதே இடத்தில் உடனே மீண்டும் கனகாம்பரம் நடாமல், ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி போட்டுவிட்டு நடுங்கள்.

மேற்குவாசல்:
அனைவருக்கும் நன்றி. வெயில் விழும் ஓரத்தில் குண்டுமல்லியும், சுவரோர நிழலில் கனகாம்பரமும் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பவளமல்லியைத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

காவிரிக்கரை:
பெரிய பீப்பாயில் வளர்க்கலாம். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் குறைத்துவிடுங்கள்; தண்ணீர் தேங்காதபடி அடியில் துளை இருக்கட்டும். பூ குறைவாகத்தான் கிடைக்கும், ஆனாலும் கிடைக்கும்.