வெள்ளிக் கோளின் படத்தில் நீலமும் சிவப்பும்

பாளையங்கோட்டையில் மொட்டை மாடியிலிருந்து அந்தி வானத்தைப் படம் எடுக்கிறேன். உச்சிக்கருகே நிற்கும் வளர்பிறை, பள்ளங்களின் நிழல் வரை பிசிறில்லாமல் விழுகிறது. பொதிகை மலைப் பக்கம் இறங்கிய வெள்ளிதான் அடம்பிடிக்கிறது: மேல் விளிம்பில் நீலம், கீழே சிவப்பு, கரை போட்ட வேட்டி போல.

பங்குனியிலிருந்து இதே தொல்லை. 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 250 மி.மீ. ஜூம், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, 1/125 விநாடி. முக்காலி, டைமர் எல்லாம் உண்டு. ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துவிட்டேன். திரையில் பெருக்கிப் பார்த்துக் கையால்தான் ஃபோகஸ் செய்கிறேன். யு.வி. ஃபில்டரைக் கழற்றியும் பார்த்தாயிற்று. வெள்ளி உயரத்தில் இருந்தால் கரை மெலிகிறது. ஆனால் எனக்கு வேண்டிய மலை முகடு படத்துக்குள் வராது. கடைக்காரர் புது லென்ஸ் வாங்கச் சொல்கிறார். அவர் வேறென்ன சொல்வார்!

இது அடிவானக் காற்று ஒளியைப் பிரிப்பதாலா, லென்ஸின் குறையா என்பதை வீட்டிலேயே எப்படிச் சோதித்து அறிவது?