ஸ்கெட்ச்அப்: மேலே ஓட்டை தெரிகிறது, கீழே தளம் மூடியே இருக்கிறது

மூலைமட்டம்:
சென்னையில் ஒரு வீடு. மேல்மாடி ஹாலுக்கு மொட்டை மாடியிலிருந்து 3 அடிக்கு 3 அடி ஸ்கைலைட் (கூரையில் வெளிச்சத்துக்கான கண்ணாடித் திறப்பு). ஸ்கெட்ச்அப் ப்ரோ என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் வரைந்திருக்கிறேன். மேலிருந்து கீழாக: கண்ணாடி உட்காரும் திண்டு 9 இன்ச், ஜல்லியும் தட்டோடும் 4, கான்கிரீட் தளம் 5, அங்கிருந்து ஃபால்ஸ் சீலிங்கின் அடிவரை 12. மொத்தம் 30 இன்ச் ஷாஃப்ட் (வெளிச்சம் இறங்கும் குழாய்). ஒவ்வொரு அடுக்கும் தனித்தனி குரூப் (மற்றதோடு ஒட்டாத தனிப் பொருள்).

ஸ்கைலைட் காம்போனென்ட்டில் ‘கட் ஓப்பனிங்’ (ஒட்டும் இடத்தில் தானாகவே ஓட்டை போடும் வசதி) டிக் செய்திருக்கிறேன். மேலே பார்த்தால் ஓட்டை இருக்கிறது, ஹாலிலிருந்து பார்த்தால் தளம் மூடியிருக்கிறது. கையால் வெட்டிப் பார்த்தேன். இப்போது வி-ரே ரெண்டரில் (ஒளியைக் கணக்கிட்டு நிஜம் போலப் படம் தரும் மென்பொருள்) ஷாஃப்ட்டும் சீலிங்கும் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. இன்னொன்று, டிசம்பர் 21 மதியத்துக்கு ஷேடோ போட்டால் தரையில் ஒரு பொட்டு வெயில் இல்லை. நிஜத்திலும் இப்படித்தான் இருக்குமா?

ரசமட்டம்:
‘கட் ஓப்பனிங்’ ஒட்டிய முகத்தை மட்டுமே வெட்டும், அதன் பின்னால் இருக்கும் முகத்தைத் தொடாது. கனமே இல்லாத ஒற்றை முகச் சுவருக்கு அது போதும். 5 இன்ச் தளத்துக்கு மேல்முகம், அடிமுகம் என்று இரண்டு உண்டே. அதனால் இந்த வேலைக்கு அந்த வசதியை மறந்துவிடுங்கள்.

3 அடி 1 இன்ச் சதுரத்தில் ஒரு பெட்டி வரைந்து குரூப் ஆக்குங்கள். ஜல்லி, தளம் இரண்டையும் தாண்டி மேலும் கீழும் 2 இன்ச் நீட்டிக்கொண்டிருக்கட்டும். முகங்கள் ஒரே மட்டத்தில் ஒட்டி நின்றால் வெட்டு பிசகும். ‘என்டிட்டி இன்ஃபோ’வில் ‘சாலிட் குரூப்’ (இடைவெளி இல்லாமல் முழுக்க மூடிய உருவம்) என்று காட்டினால்தான் அடுத்த படி. தளத்தையும் அப்படியே சரிபாருங்கள். பிறகு ‘ட்ரிம்’: முதலில் பெட்டியைத் தொட்டு, அடுத்து தளத்தைத் தொட வேண்டும். வரிசை மாறினால் பெட்டிதான் வெட்டுப்படும். ‘சப்ட்ராக்ட்’ வேண்டாம், அது பெட்டியை விழுங்கிவிடும். ட்ரிம்மில் பெட்டி மிஞ்சும், அதையே வைத்து ஜல்லியையும் வெட்டலாம்.

ஏன் அந்தக் கூடுதல் 1 இன்ச்? வெள்ளைக் கோட்டுக்கு மருந்து அதுதான். உங்கள் ஷாஃப்ட் சுவர் கனமில்லாத ஒற்றை முகமாக இருக்கும், விளிம்பு சீலிங்கோடு நூல் பிசகாமல் சேர்ந்திருக்காது. அதை ஜிப்சம் போர்டின் கனமான 12.5 மி.மீ. வைத்து ஒரே குழாயாக வரையுங்கள்: உள்ளளவு 3 அடி, வெளியளவு 3 அடி 1 இன்ச். தளத்துக்கு மேலே வருவது ஜிப்சம் போர்டு அல்ல, சிமெண்ட் பூச்சு. ஆனாலும் பூச்சு 12 மி.மீ. என்பதால் கணக்கு மாறாது. சீலிங் போர்டில் மட்டும் 3 அடியே வெட்டுங்கள். குழாய் அந்தப் போர்டின் முதுகில் உட்காரட்டும். உயரம் 29½ இன்ச் வரும்.

தூக்குக்குண்டு:
வெயில் வராததற்குக் கண்ணாடியும் காரணமாக இருக்கலாம். ஸ்கெட்ச்அப்பின் சொந்த ஷேடோவில் பாதி நிழல் என்பதே கிடையாது. மெட்டீரியலின் ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) 70க்குக் கீழே இருந்தால் நிழல் விழாது, 70ஐத் தொட்டால் கட்டைச் சுவர் மாதிரி முழு நிழல். கண்ணாடியை ‘ஹைட்’ செய்துவிட்டு ஒரு தடவை பாருங்க. இன்னொன்று, அந்த ஷேடோ நேர் வெயிலை மட்டும்தான் காட்டும். சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அதில் இல்லை. ஷாஃப்ட் இருட்டா இருக்கான்னு அதை வைத்து முடிவு பண்ணாதீங்க, அதுக்கு வி-ரேதான்.

மூலைமட்டம்:
ட்ரிம் வேலை செய்தது, கோடும் போய்விட்டது. நன்றி. கண்ணாடியை மறைத்துப் பார்த்தேன், வெயில் மட்டும் இன்னும் வரவில்லை.

தூக்குக்குண்டு:
அப்போ ஊர்தான் தப்பு. ஸ்கெட்ச்அப் டெம்ப்ளேட்டில் முதலிலேயே இருப்பது அமெரிக்காவின் போல்டர், 40 டிகிரி வடக்கு. அங்கே டிசம்பர் 21 மதியம் சூரியன் 26½ டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 30 இன்ச் ஆழத்தில் வெளிச்சம் 60 இன்ச் வடக்கே தள்ளிப்போகும். உங்க திறப்பே 36 இன்ச். எப்படி விழும்?

‘மாடல் இன்ஃபோ’, ‘ஜியோ-லொகேஷன்’, ‘செட் மேனுவல் லொகேஷன்’ போய் 13.08, 80.27 கொடுங்க. ஷேடோ பலகையில் நேரம் +5:30 என்று மாறியிருக்கான்னு கண்ணால் பாருங்க. சரிபார்க்க ஒரு வழி: வெறும் தரையில் 10 அடிக் கம்பம் ஒன்று நிறுத்தி, ஏப்ரல் 24, மதியம் 12:07 வைங்க. அன்னைக்குச் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், கம்பத்தின் நிழல் காலடியில் சுருண்டு மறையணும். நிழல் நீண்டால் இடமோ நேரமோ இன்னும் தப்பு.

சென்னைக் கணக்கு இப்படி வரும். டிசம்பரில் சூரியன் 53½ டிகிரி. 36 இன்ச் வெளிச்சத்தில் 22 வடக்குச் சுவரிலேயே போய்விடும், 14 தரைக்கு வரும். ஜூன் 21 அன்று சூரியன் உச்சிக்கு வடக்கே 10 டிகிரி சாய்ந்திருக்கும், தெற்குச் சுவர் 5½ இன்ச் தின்னும். ஜூன் மதியத்தில் தெற்குச் சுவரில் வெயிலைப் பார்த்தால் மாடல் தப்பு என்று நினைக்க வேண்டாம், அது சரிதான்.

மூலைமட்டம்:
14 இன்ச் பட்டை வந்துவிட்டது. அடிப்பக்கத்தை அகலப்படுத்தினால் கூடுமா?

ரசமட்டம்:
கூடும், ஆனால் நாலு பக்கமும் விரிக்கத் தேவையில்லை. தளத்தை இதற்கு மேல் வெட்ட முடியாது, அதனால் மேலே 18 இன்ச் நேராகத்தான் நிற்கும். அதிலேயே 13 போய்விடும். மிச்ச 12 இன்ச் இடைவெளியில் வடக்குச் சுவரை மட்டும் 9 இன்ச் வெளியே சாய்த்தால் 14 என்பது 23 ஆகும். முதலில் தளத்தின் அடிமட்டத்தில் குழாயைச் சுற்றி, உள்ளும் புறமும், ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் அடிவிளிம்பை இழுத்தால் சுவர் உச்சியிலிருந்தே சாய்ந்து கான்கிரீட்டுக்குள் நுழைந்துவிடும். பிறகு வடக்குச் சுவரின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்து பச்சை அச்சின் முழுக்கோட்டுத் திசையில், அதாவது வடக்கே, 9 இன்ச் ‘மூவ்’. அந்த இடத்தில் பீம் இறங்குகிறதா என்று ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சீலிங் குரூப்பிலும் வடக்கு விளிம்பை அதே 9 இன்ச் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் சாய்த்த இடத்தைப் போர்டே மூடி நிற்கும்.